புது லேப்டாப்பில் மட்டும் என்ஏஎஸ் ஷேர்டு ஃபோல்டர் திறக்கவில்லை, பழையதில் திறக்கிறது

மூலைப்பெட்டி

வீட்டில் ஒரு பழைய என்ஏஎஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் சேமிப்புப் பெட்டி) இருக்கிறது, இரண்டு டிஸ்க் போட்டது, ரவுட்டருக்குக் கேபிளில் இணைத்திருக்கிறேன். படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், பேக்கப் எல்லாம் அதில்தான். யூசர், பாஸ்வேர்டு என்று எதுவும் வைக்கவில்லை, வீட்டுக்குள் இருக்கும் யாரும் திறக்கலாம் என்கிற ஏற்பாடு. விண்டோஸ் 10 ஹோம் போட்ட பழைய லேப்டாப்பில் இன்றைக்கும் சிக்கலே இல்லை, போனிலும் திறக்கிறது.

புது லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. இதில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் என்பதை அழுத்தினால் பெட்டியே பட்டியலில் இல்லை. பெட்டியின் பெயரை நானே அடித்தால் ‘நெட்வொர்க் பாத் வாஸ் நாட் ஃபவுண்ட்’ என்று 80070035-இல் முடியும் பிழை எண்ணைக் காட்டுகிறது. சரி என்று ஐபியைப் போட்டு \\192.168.1.20 என்று அடித்தால் வேறு கதை: உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது என்கிற மாதிரி ஒரு செய்தி. இது என் சொந்த லேப்டாப், எந்த நிறுவனமும் இல்லை, யார் போட்ட கொள்கை என்றே புரியவில்லை.

பிங் சோதனைக்குப் பெட்டி பதில் தருகிறது. பிரவுசரில் பெட்டியின் அட்மின் பக்கம் இதே லேப்டாப்பில் திறக்கிறது. நெட்வொர்க் டிஸ்கவரி ஆன் செய்தாகிவிட்டது, ஃபயர்வாலை நிறுத்தியும் பார்த்தாகிவிட்டது. அடுத்து எங்கே பார்ப்பது?

ஒருவரிவிடை

எஸ்எம்பி 1-ஐ (விண்டோஸ் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய பதிப்பு) ஆன் செய்யுங்கள். கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போய் டிக் போட்டு ரீஸ்டார்ட். பழைய என்ஏஎஸ் எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து.

கம்பிநூல்

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். ஆபத்து என்பது அப்புறம், முதலில் இந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐபி போட்டதும் கெஸ்ட் பற்றிய செய்தி வந்தது என்றால் லேப்டாப்பும் பெட்டியும் ஏற்கெனவே எஸ்எம்பி 2 அல்லது 3-இல் பேசி, லாகின் கட்டம் வரை வந்துவிட்டன என்று அர்த்தம். அந்தச் செய்தியே அந்தக் கட்டத்தில்தான் வரும். பெட்டிக்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும் என்றால் அங்கேயே வேறு மாதிரிப் பிழை வந்திருக்கும், பெரும்பாலும் எஸ்எம்பி 1 என்ற பெயரையே சொல்லிவிடும்.

ஆபத்தும் சும்மா சொல்வதில்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்கிற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவினால் அது கூடவே வருவதில்லை.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு, ஒன்றாகப் பார்ப்பதால்தான் குழப்பம். பெயர் போட்டால் கிடைக்கவில்லை என்பது பெயரை ஐபியாக மாற்றுவதில் உள்ள சிக்கல். ஐபி போட்டால் தடுக்கிறது என்பது லாகின் சிக்கல். இரண்டாவதை முதலில் தீர்ப்போம்.

‘நிறுவனம்’ என்கிற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் லேப்டாப்பில் யாரும் கை வைக்கவில்லை. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் லாகினை விண்டோஸ் ஏற்காது என்பது முன்பு என்டர்பிரைஸ், எஜுகேஷன் எடிஷன்களில் மட்டும் இருந்தது, 24எச்2-இல் ப்ரோவுக்கும் வந்துவிட்டது. செய்தியில் இருக்கும் ‘நிறுவனம்’ என்கிற பழைய வாசகத்தை மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டார்கள். உங்கள் பழைய லேப்டாப் ஹோம் எடிஷன், அதில் இந்தத் தடை கிடையாது. ஒன்றில் திறந்து இன்னொன்றில் திறக்காததற்கு இதுவே காரணம், பெட்டியில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

செய்ய வேண்டியது: அட்மின் பக்கத்தில் உங்களுக்கென்று ஒரு யூசர் உருவாக்கி பாஸ்வேர்டு கொடுங்கள், ஒவ்வொரு ஷேர்டு ஃபோல்டருக்கும் அந்த யூசருக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுங்கள். அங்கேயே எஸ்எம்பி செட்டிங்ஸில் குறைந்தபட்சம் எஸ்எம்பி 2, அதிகபட்சம் எஸ்எம்பி 3 என்று வைத்துவிடுங்கள். ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) அப்டேட் இருந்தால் அதையும் போடுங்கள்.

மூலைப்பெட்டி

யூசர் உருவாக்கிவிட்டேன், அனுமதியும் கொடுத்துவிட்டேன். எஸ்எம்பி 2 முதல் 3 வரை என்று மாற்றியும் ஆயிற்று. ஆனால் \\192.168.1.20 அடித்தால் அதே நிறுவனக் கொள்கைச் செய்திதான். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியே வரவில்லையே, எங்கே போய் அடிப்பது?

ஒருவரிவிடை

அப்படியானால் குரூப் பாலிசி எடிட்டரில் லேன்மேன் வொர்க்ஸ்டேஷன் பகுதிக்குப் போய் ‘எனேபிள் இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸ்’ ஆன் செய்யுங்கள். யூசரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

கம்பிநூல்

அது மட்டும் போதாது. 24எச்2 ப்ரோவில் எஸ்எம்பி சைனிங்கும் கட்டாயம் ஆகிவிட்டது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையொப்பம் போட ஒரு சாவி வேண்டும், அந்தச் சாவி லாகினில் இருந்துதான் பிறக்கிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை, சாவி எங்கிருந்து வரும்? ஆக கெஸ்டைத் திறந்தால் சைனிங்கையும் தளர்த்த வேண்டும். ஒரு ஃபோல்டரைத் திறக்க லேப்டாப்பின் இரண்டு காவலைக் கழற்றுவதைவிட ஒரு பாஸ்வேர்டு வைப்பது லேசு. லேப்டாப் வீட்டிலேயே இருக்கும் சாமானும் இல்லை, வெளியே போய் யார் யாருடைய வைஃபையிலோ சேரும்.

கேள்விக்கு வருகிறேன். பாஸ்வேர்டு கேட்காததற்குக் காரணம் விண்டோஸ் உங்களைக் கேட்காமலேயே ஒரு முயற்சி செய்துவிடுகிறது. லேப்டாப்பில் நீங்கள் லாகின் செய்திருக்கும் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்தே முதலில் பெட்டியில் லாகின் செய்து பார்க்கும். பெட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது. தெரியாத பெயர் வந்தால் மறுப்பதற்குப் பதில் கெஸ்டாக உள்ளே விடு என்று உங்கள் பெட்டியில் செட்டிங் இருக்கிறது (உள்ளே ஓடுவது அநேகமாக சாம்பா என்கிற எஸ்எம்பி சர்வர் மென்பொருள்தான், அதில் இப்படி ஒரு வழி உண்டு). பெட்டி ‘சரி, கெஸ்டாக வா’ என்கிறது, விண்டோஸ் ‘கெஸ்டாக வரமாட்டேன்’ என்கிறது, கதை அங்கேயே முடிகிறது. மறுத்திருந்தால்தானே விண்டோஸ் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்கும்!

அதனால் பெட்டியில் கெஸ்ட் அணுகலை நிறுத்துங்கள். வீட்டில் மற்றவர்களும் இப்போது கெஸ்டாகத்தான் வருகிறார்கள் என்றால் அவர்களுக்கும் யூசர் கொடுத்த பிறகு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ராத்திரி உங்களைத்தான் தேடி வருவார்கள். நிறுத்தும் வரை பொறுக்க முடியாது என்றால் கிரெடென்ஷியல் மேனேஜரில் விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் 192.168.1.20 என்று ஒரு பதிவு சேர்த்து, என்ஏஎஸ் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் போட்டு வையுங்கள். அப்போது முதல் முயற்சியிலேயே சரியான பெயர் போகும். முகவரியை எப்படி எழுதுகிறீர்களோ அதே எழுத்தில் திறந்தால்தான் அந்தப் பதிவு வேலை செய்யும். ஐபிக்குப் பதிந்துவிட்டுப் பெயர் போட்டுத் திறந்தால் கண்டுகொள்ளாது.

யூசர்நேமை பெட்டியின்பெயர்\யூசர்நேம் என்று எழுதினால் இன்னும் உறுதி. லேப்டாப் திறக்க நீங்கள் போடும் பின் நம்பர் இங்கே செல்லாது, அது அந்த லேப்டாப்புக்குள் மட்டும்தான்.

பழையசர்வர்

பெயர் விஷயத்தை நான் சொல்கிறேன். நெட்வொர்க் பட்டியலில் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. வாசலில் பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் கதவைத் தட்டினால் திறக்கும் வீடு மாதிரிதான் இது. அந்தப் பட்டியலை முன்பு தயாரித்தது கம்ப்யூட்டர் பிரவுசர் என்கிற பழைய சேவை, அது எஸ்எம்பி 1-ஐ நம்பி ஓடியது, எஸ்எம்பி 1 போனதும் அதுவும் போயிற்று. எஸ்எம்பி 1 போட்டால் சரியாகிவிடும் என்று ஊரெல்லாம் சொல்வதற்கு மூலகாரணம் இந்தப் பட்டியல்தான் என்று நினைக்கிறேன். இப்போது அந்த வேலையை டபிள்யூஎஸ்-டிஸ்கவரி செய்கிறது, யுடிபி போர்ட் 3702. என்ஏஎஸ் அட்மின் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு டிக் இருக்கும், போட்டால் பட்டியலில் வரும். மிகப் பழைய ஃபர்ம்வேரில் அது இல்லாமலும் இருக்கலாம்.

பெயரால்தான் திறக்க வேண்டும் என்றால் பெட்டியின் பெயருக்குப் பின்னால் ‘டாட் லோக்கல்’ சேர்த்துப் பாருங்கள், பல பெட்டிகள் அதற்குப் பதில் சொல்லும். நான் எல்லாவற்றையும் ஐபியிலேயே வைத்திருக்கிறேன். ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு மட்டும் முகவரியை ரிசர்வ் செய்துவிட்டு, \\192.168.1.20\படங்கள் என்று நெட்வொர்க் டிரைவாக மேப் செய்தால் பட்டியலில் தெரிகிறதா இல்லையா என்கிற கவலையே கிடையாது.

இன்னொன்று, இதே தலைப்பைத் தேடி வருபவர்களுக்காக: ஐபி போட்டும் எந்தப் பதிலும் இல்லை என்றால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு ஐபியையும் போர்ட் 445-ஐயும் கொடுத்துப் பாருங்கள். பிங் போய் 445 போகவில்லை என்றால் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால், அல்லது பெட்டியில் எஸ்எம்பி சேவையே ஓடவில்லை. இரண்டுமே போகவில்லை என்றால் லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக வாங்கி வைத்த ரவுட்டர் தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கிக்கொண்டு லேப்டாப்புக்கு 192.168.0 என்றும் பெட்டிக்கு 192.168.1 என்றும் முகவரி போவதும் அடிக்கடி நடப்பதுதான்.

மூலைப்பெட்டி

பாதி வழி வந்துவிட்டேன். கெஸ்டை நிறுத்தியதும் பாஸ்வேர்டு கேட்டது, போட்டேன், படங்கள் ஃபோல்டர் திறந்தது. அடுத்து டிரைவாக மேப் செய்யப் போனால் ஒரே சர்வருக்கு ஒரே ஆள் இரண்டு யூசர்நேமில் இணைய முடியாது என்று 1219 பிழை. வீட்டுக்காரர் பெயரில் இன்னொரு யூசர் வைத்து அவருடைய ஃபோல்டரையும் இங்கேயே மேப் செய்ய முயன்றேன், அதனால் இருக்குமோ?

கம்பிநூல்

அதனால்தான். ஒரு விண்டோஸ் லாகினில் இருந்து ஒரு சர்வருக்கு ஒரே பெயரில்தான் போகலாம். கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் யூஸ் என்று அடித்தால் இப்போது உயிரோடு இருக்கும் இணைப்புகள் தெரியும், எக்ஸ்ப்ளோரரை மூடிய பிறகும் சில ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை டெலீட் கொடுத்து நீக்குங்கள், அல்லது சைன் அவுட் செய்து மறுபடி வாருங்கள்.

அவருடைய ஃபோல்டர் உங்களுக்கும் வேண்டும் என்றால் இரண்டு பெயரில் போகத் தேவையில்லை, பெட்டியில் உங்கள் யூசருக்கே அந்த ஃபோல்டரில் அனுமதி கொடுங்கள். ஐபியில் ஒன்று, பெயரில் ஒன்று என்று மேப் செய்தால் விண்டோஸ் இரண்டையும் வேறு வேறு சர்வர் என்று நினைத்து விட்டுவிடும், அந்தக் குறுக்குவழி உண்டு, ஆனால் பின்னால் எது எந்தப் பெயரில் திறந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

மூலைப்பெட்டி

நெட் யூஸில் மேப் ஆகாத பழைய இணைப்பு ஒன்று நின்றது, நீக்கியதும் மேப் ஆகிவிட்டது. ஆனால் ஆவணங்கள் ஃபோல்டரில் பழைய ஃபைல்களைத் திறக்க முடிகிறது, திருத்தி சேமிக்க முடியவில்லை. புதிதாக ஒரு ஃபைல் போட்டால் போகிறது. அனுமதிப் பக்கத்தில் படிக்க, எழுத இரண்டுமே டிக் ஆகியிருக்கிறது.

பழையசர்வர்

நீங்கள் பார்ப்பது ஷேர் அனுமதி. அதற்குக் கீழே ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர், அனுமதி என்று தனியாக ஒன்று உண்டு. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுவே செல்லும். இத்தனை காலம் எல்லாமே கெஸ்டாக எழுதப்பட்டதால் பழைய ஃபைல்களின் உரிமையாளர் கெஸ்ட் அல்லது நோபடி என்று இருக்கும், நீங்கள் இப்போது வேறு ஆள். அட்மின் பக்கத்தின் ஃபைல் மேனேஜரில் அந்த ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ் போய் உரிமையாளராக உங்கள் யூசரைப் போட்டு, ‘உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் பொருந்தும்’ என்கிற டிக்கையும் போடுங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் மேல் ஃபோல்டர் மட்டும் மாறும், உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். ஃபைல் நிறைய இருந்தால் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்த வேண்டாம். பலர் எழுதும் ஃபோல்டர் என்றால் ஒரு க்ரூப் உருவாக்கி க்ரூப்புக்கு அனுமதி கொடுப்பது நல்லது.

மூலைப்பெட்டி

சேமிக்க முடிகிறது, எல்லாம் திறக்கிறது. இருவருக்கும் பெரிய நன்றி. ஒன்றே ஒன்று, பிரிண்டர் ஸ்கேன் செய்து நேராக என்ஏஎஸ் ஃபோல்டருக்கு அனுப்பும், அது இப்போது தோல்வி என்கிறது. அதுவும் கெஸ்டாகத்தான் போய்க்கொண்டிருந்ததோ?

கம்பிநூல்

அப்படித்தான் இருக்கும். ஸ்கேனருக்கென்று தனி யூசர் ஒன்று உருவாக்குங்கள், ஸ்கேன் ஃபோல்டரில் மட்டும் எழுத அனுமதி, மற்ற எதிலும் வேண்டாம். பாஸ்வேர்டைக் கொஞ்சம் எளிய எழுத்துகளில் வையுங்கள், சில பிரிண்டர்களின் செட்டிங்ஸ் பக்கம் சிறப்புக் குறிகளை விழுங்கிவிடும். அப்போதும் போகவில்லை என்றால் பிரிண்டர் எஸ்எம்பி 1 மட்டும் பேசும் ரகமாக இருக்கலாம். அதற்காகப் பெட்டியில் எஸ்எம்பி 1-ஐத் திறக்க வேண்டாம், பிரிண்டரில் எஃப்டிபி (ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை) வழி இருந்தால் அதே யூசரை வைத்து அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் எஃப்டிபி கொடுங்கள், ரவுட்டரில் அந்தப் போர்ட்டை வெளியே திறக்காமல்.