தாத்தாவோட கிரிக்கெட் நோட்டு

குரூப்: பெரிய தெரு குடும்பம்

ராஜி அத்தை: எல்லாரும் கவனிங்க. பழைய பேப்பர்காரர் நாளைக்குக் காலைல 10 மணிக்கு வரார். பரணை மொத்தமா ஒழிச்சிடப்போறேன். மாசக் கடைசிக்குள்ள சாவி கொடுத்தாகணும்.

ராஜி அத்தை: டிரங்குப் பெட்டில அப்பா ஒட்டி வச்ச கிரிக்கெட் நோட்டு 11 இருக்கு. ராமபாணப் பூச்சி அரிச்சிருக்கு. போட்டுடலாமா?

சுதா: போட்டுடுங்க அத்தை

சேகர் சித்தப்பா: போடக் கூடாது

சேகர் சித்தப்பா: ராஜி அதைத் தொடாதே

கார்த்தி: முதல்ல போட்டோ அனுப்புங்க அத்தை

சுமதி சித்தி: அந்தப் பெட்டிகிட்டதான் பித்தளை அண்டா இருந்துது. அதைக் காணோமா?

ராஜி அத்தை: 📷 போட்டோ
📷 போட்டோ

கார்த்தி: யாரு இது? பௌலிங் போடறவர்

சேகர் சித்தப்பா: என்னடா கேள்வி இது. நம்ம ஆஃப் ஸ்பின்னர் வெங்கட்ராகவன். அப்பா வெங்கட் வெங்கட்னு உயிரை விட்டவர். அந்த முதல் நோட்டு 1965. நியூசிலாந்து வந்திருந்தாங்க. வெங்கட்டோட முதல் டெஸ்டே நம்ம மெட்ராஸ்ல, கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துல. அதே தொடர்ல டெல்லி கோட்லாவுல ஒரு இன்னிங்ஸ்ல 72 ரன் கொடுத்து 8 விக்கெட், அடுத்ததுல 4. மேட்ச்ல 12. வயசு 19, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ். ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் படத்தை அப்பா மைதா பசை காய்ச்சி ஒட்டினார். அந்தப் பத்திரிகையே 68ல நின்னு போச்சு. இதையா கிலோ கணக்குல போடுவே?

சுதா: 👍

சுமதி சித்தி: அண்டா?

ராஜி அத்தை: அண்டா நம்ம கல்யாணி எடுத்துண்டு போனது எல்லாருக்கும் தெரியும் சுமதி

பெரியப்பா: பெங்களூர் ஆஃப் ஸ்பின்னர் பிரசன்னா 49 டெஸ்ட், 189 விக்கெட். வெங்கட் 57 டெஸ்ட், 156. இதுக்கு 11 நோட்டு.

கார்த்தி: பெரியப்பா ஆரம்பிச்சுட்டார் 😄

சேகர் சித்தப்பா: அண்ணா பெங்களூர் தண்ணி பேசுது. 71 வெஸ்ட் இண்டீஸ்ல நாம முதல் தடவை தொடர் ஜெயிச்சோமே, அதுல நம்ம பக்கம் அதிக விக்கெட் யாருக்கு? வெங்கட், 22. அதே வருஷம் இங்கிலாந்துல 3 டெஸ்டும் வெங்கட்தான் ஆடினார். பிரசன்னா டூருக்குப் போயும் ஒரு டெஸ்ட்லகூட இறங்கலை. பிரசன்னா தூக்கிப் போட்டு ஏமாத்துவார், ஒத்துக்கறேன். வெங்கட் கொஞ்சம் வேகமா, தட்டையா, ஒரே இடத்துல போட்டுண்டே இருப்பார். பேட்ஸ்மேன் மூச்சு விட முடியாது. இங்கிலாந்து கவுண்டி டீம் டெர்பிஷைர் சும்மாவா மூணு சீசன் கூப்பிட்டுண்டான்?

பெரியப்பா: ஸ்பின் எங்கே அதுல

ராஜி அத்தை: நாளைக்கு 10 மணி. அதைப் பேசுங்க.

கார்த்தி: ரெண்டாவது போட்டோல ஓரமா பச்சை இங்க்ல என்ன எழுதியிருக்கு?

ராஜி அத்தை: "டெல்லியில் கேப்டன். கல்கத்தாவில் தண்ணீர் தூக்குகிறான். அநியாயம்."

சேகர் சித்தப்பா: 74. வெஸ்ட் இண்டீஸ் வந்திருந்தாங்க. கேப்டன் பட்டோடிக்குக் காயம், அதனால டெல்லி டெஸ்டுக்கு வெங்கட் கேப்டன். ரிச்சர்ட்ஸ் 192 நாட் அவுட் அடிச்சான், தோத்தோம். அடுத்த டெஸ்ட் கல்கத்தால வெங்கட் பன்னிரண்டாவது ஆள். 79ல அதைவிட மோசம். இங்கிலாந்து ஓவல்ல 438 ரன் துரத்தி 429 வரைக்கும் வந்த டீமுக்கு அவர்தான் கேப்டன். திரும்பி வர்ற விமானத்துலயே பைலட் மைக்ல சொல்றான், இனிமே கவாஸ்கர் கேப்டன்னு. அப்பா அன்னிக்குச் சாப்பிடலை.

சுதா: ஐயோ 😔

சேகர் சித்தப்பா: அப்படி இறக்கியும் மனுஷன் 83 வரைக்கும் ஆடினார். அப்புறம் அம்பயர். ஆடினது 57 டெஸ்ட், அம்பயரா நின்னது 73. 2002ல ஐசிசி சர்வதேச அம்பயர்களுக்கு எலைட் பேனல் ஆரம்பிச்சப்ப அதுல இருந்த ஒரே இந்தியர். கடைசி நோட்டு முழுக்க வெள்ளைத் தொப்பிப் படம்தான். பேட்ஸ்மேன் முகத்தைப் பார்க்காம விரலைத் தூக்குவார்னு அப்பாவுக்கு அவ்வளவு பெருமை.

சுமதி சித்தி: கல்யாணி எடுக்கலைன்னு சத்தியம் பண்ணாளே

ராஜி அத்தை: சுமதி ப்ளீஸ்

சுமதி சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: நான் ஸ்கேன் பண்றேன் சித்தப்பா. ஆனா எங்க ஃபிளாட்ல வைக்க இடமில்லை

சேகர் சித்தப்பா: நான் சனிக்கிழமைதான் கோயம்புத்தூர்லேந்து கிளம்ப முடியும். அதுவரைக்கும் உன் கட்டிலுக்கு அடியில வை. ஆட்டோக்கு ஜிபே பண்றேன்.

கார்த்தி: அம்மாகிட்ட கேக்கணும்

ராஜி அத்தை: பேப்பர்காரரை 12 மணிக்கு வரச் சொல்லிட்டேன். அதுக்கு மேல தள்ள முடியாது. காலைல எனக்கு பேங்க் வேற இருக்கு.

பெரியப்பா: 67 நோட்டு எனக்கு வேணும். ஆஸ்திரேலியால பிரசன்னா 25 விக்கெட் எடுத்தது அதுலதான் இருக்கும்.

சேகர் சித்தப்பா: இங்கிலாந்து எட்ஜ்பாஸ்டன் டெஸ்டும் அதே நோட்டுலதான் அண்ணா. பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்னு நாலு ஸ்பின்னரும் சேர்ந்து ஆடின ஒரே டெஸ்ட். அதைத் தர முடியாது.

பெரியப்பா: அப்பா எனக்கும்தான் அப்பா

சுதா: ரெண்டு பேரும் போன்ல பேசிக்கோங்களேன்