காம்பாக்ட் டிராக்டர்ல பேக்ஹோவுக்கு (பின்னாடி தோண்டுற கை) ஆயில் சூடானதும் வலுவே இல்ல, லோடர் (முன்னாடி தூக்குற பக்கெட்) மட்டும் நல்லா தூக்குது, யாராவது சொல்லுங்க

கேட்டவர்: ஸ்டார்ட் பண்ணி முதல் கொஞ்ச நேரம் நல்லா தோண்டுது, ஆயில் சூடாச்சுன்னா பக்கெட் மண்ணுல மாட்டி அப்படியே நிக்குது, ஆர்பிஎம் ஏத்தினாலும் பிரயோஜனம் இல்ல. எஞ்சின் ஆஃப்ல பூம் (பேக்ஹோவோட பெரிய கை) மெதுவா இறங்கவும் செய்யுது. ஆயில் லெவல் கரெக்ட், ஃபில்டர் புதுசு. பம்பு போச்சு மாத்துங்கன்னு ஒருத்தர் சொல்றார், மாத்தணுமா?

பதில் 1: பம்பு மேல இப்போ கை வைக்காதீங்க. ரெண்டுக்கும் ஒரே பம்பு, ஒரே ஆயில்தானே, சூட்டுலயும் லோடர் ஃபுல் லோடு தூக்குதுன்னா பம்பு மேல சந்தேகம் கம்மி. ஒன்னு சொல்லுங்க, எல்லா லீவருமே வீக்கா, இல்ல பூம் மட்டுமா? வேகம் குறையுதா, இல்ல வேகம் இருந்து பலம் மட்டும் இல்லையா? ஸ்லோன்னா ஃப்ளோ (ஆயில் ஓட்டம்) பிரச்சனை, குயிக் கப்ளர் (ஹோஸ சட்டுன்னு மாட்டுற இணைப்பு) சரியா உட்காரலன்னா கூட அப்படித்தான் ஆகும். பலம் இல்லன்னா பிரஷர் பிரச்சனை. இத குழப்பிக்கிட்டுதான் பாதி பேர் தேவையில்லாம பார்ட்ஸ் வாங்குறாங்க.

கேட்டவர்: எல்லாமே வீக் அண்ணே, ஸ்விங் (கைய பக்கவாட்டுல திருப்புறது) கூட. காத்துல ஆட்டினா வேகம் நல்லாத்தான் இருக்கு.

பதில் 1: அப்போ எல்லாத்துக்கும் பொதுவான இடம்தான், பேக்ஹோ வால்வு பேங்க் (எல்லா லீவர் வால்வும் சேந்த பெட்டி) இன்லெட்ல இருக்கிற ரிலீஃப் வால்வு, அதாவது பிரஷர் அளவ தாண்டினா ஆயில டேங்குக்கு திருப்பி விடுறது. அதுக்கு ஆயில் வர்ற ஹோஸ்ல டீ (மூணு வழி இணைப்பு) போட்டு பிரஷர் கேஜ் மாட்டுங்க, 5000 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) வரைக்கும் இருக்கிறதா பாத்து வாங்குங்க. ஒரு சிலிண்டர கடைசி வரைக்கும் தள்ளி ரெண்டு செகண்ட் பிடிச்சு ரீடிங் பாருங்க, குளிர்ல ஒன்னு சூட்டுல ஒன்னு. அப்புறம் லோடரையும் அதே மாதிரி முட்ட விட்டு பாருங்க, ஆனா கேஜ் இதே இடத்துல இருந்தா அது தெரியாது, அதுக்கு லோடர் வால்வுக்கு முன்னாடி மாட்டணும்.

பதில் 2: நடுவுல வர்றேன். ஹோஸ் கழட்டுறதுக்கு முன்னாடி பக்கெட்ட தரையில வெச்சு, எஞ்சின் ஆஃப் பண்ணி, எல்லா லீவரையும் ரெண்டு பக்கமும் ஆட்டி பிரஷர விட்டுடுங்க. லீக் தேடறேன்னு கையால தடவாதீங்க, அட்டைய வெச்சு பாருங்க. ஊசி முனை ஓட்டையில வர்ற ஆயில் தோலுக்குள்ள ஏறிடும், வலி இல்லன்னாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

கேட்டவர்: பாத்துட்டேன். பேக்ஹோ குளிர்ல 2300, சூட்டுல 1400. லோடர் பக்கம் சூட்டுலயும் 2300. ரிலீஃப் கார்ட்ரிட்ஜ (வால்வோட கழட்டி மாட்டுற பகுதி) கழட்டினா ஓ ரிங் (ரப்பர் வளையம்) கல்லு மாதிரி இறுகி ஒரு ஓரம் வெட்டுப்பட்டிருக்கு, சீட்ல (வால்வு உட்கார்ந்து அடைக்கிற இடம்) ஒரு சின்ன இரும்புத் துணுக்கு.

பதில் 1: அதேதான். சூட்டுல ஆயில் இளகிடும், அந்த இடுக்கு வழியா டேங்குக்கே ஓடிடும். ஓ ரிங் மாத்துங்க, சீட்ல கோடு விழுந்திருந்தா கார்ட்ரிட்ஜே மாத்திடுங்க. ஸ்க்ரூவ திருப்பி பிரஷர மேனுவல்ல உள்ளதுக்கு மேல ஏத்தாதீங்க, ஹோஸோ, பிவட் பின்னோ (கை மடங்குற இடத்து ஆணி) போயிடும். துணுக்கு எங்கேந்து வந்துச்சுன்னு தெரியணும், பழைய ஃபில்டர் கிடந்தா அறுத்து உள்ள காந்தம் வெச்சு பாருங்க.

கேட்டவர்: ஓ ரிங் மாத்தி இப்போ சூட்டுலயும் 2250 வருது, செமையா தோண்டுது. ஃபில்டர்ல ரெண்டு மூணு பொடிதான். ஆனா பூம் இறங்குறது நிக்கல.

பதில் 2: அது வேற கேஸ். எஞ்சின் ஆஃப்ல இன்லெட் ரிலீஃபுக்கு அதுல வேலையே இல்ல, ஒன்னு ஸ்பூல் (லீவர் நகர்த்துற வால்வு தண்டு) தேய்மானம், இல்லன்னா பிஸ்டன் சீல் (சிலிண்டருக்குள்ள ஆயில் அடைக்கிற வளையம்). பூமுக்கு கட்டை முட்டு குடுத்துட்டு, சிலிண்டர கடைசி வரை தள்ளி, பிரஷர விட்டு, ஆயில் காலியான பக்கம் இருக்கிற ஹோஸ கழட்டி ஹோஸ் வாய அடைச்சிடுங்க. எஞ்சின ஸ்டார்ட் பண்ணி மறுபடி அதே பக்கமே லீவர பிடிங்க, திறந்த போர்ட்ல ஆயில் விடாம வந்தா சீல் கிட் போடணும். வரலன்னா ஸ்பூல்தான், கொஞ்சம் இறங்குறத மேனுவலே அனுமதிக்கும், எவ்வளவுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.