எம்.எம்.ஐ. நேர்காணல்: மனப்பாடம் உதவுமா? இரண்டு இடம் கிடைத்தால் எதை எடுப்பது?

ரோஸ்ஹில் அம்மா:
வணக்கம். இங்கே மொரிஷியஸில் மகள் நவம்பரில் ஹெச்.எஸ்.சி. (பள்ளி இறுதித் தேர்வு) எழுதி முடித்துவிட்டாள். யூகேஸ் என்ற பிரிட்டன் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பின் வழியாக இங்கிலாந்தில் நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்குப் போட்டதில் இரண்டிலிருந்து ஜனவரி நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இரண்டுமே ஆன்லைன் எம்.எம்.ஐ. (அடுத்தடுத்து நடக்கும் பல குட்டி நேர்காணல்கள்). ட்யூஷன் சார் நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். அது சரியா? இரண்டிலும் இடம் கிடைத்தால் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வெள்ளைக்கோட்டு:
அம்மா, அந்த நாற்பது பதில்களை முதலில் மூடி வையுங்கள். ஒப்பித்தால் தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். எம்.எம்.ஐ. என்பது ஒரே ஒரு நேர்காணலை நம்பாமல் பலர் தனித்தனியாக மதிப்பிடுவதற்காக 2000களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை. பொதுவாக ஆறு முதல் பத்து ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் வேறொரு தேர்வாளர், படிக்க ஓரிரு நிமிடம், பேச ஐந்து முதல் எட்டு நிமிடம். ஒன்றில் சொதப்பினாலும் அடுத்தவருக்கு அது தெரியாது, அவர் புதிதாகத்தான் மதிப்பெண் போடுவார். நம் பிள்ளைகள் பலர் முதல் ஸ்டேஷன் கெட்டதையே நினைத்துக்கொண்டு மூன்றாவதையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

நெறி சார்ந்த ஸ்டேஷனில்தான் மொரிஷியஸ் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். 15 வயதுப் பெண் கருத்தடை மாத்திரை கேட்டு வருகிறாள், அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்கிறாள். நம் வீட்டு வளர்ப்பில் உடனே வாயில் வருவது “பெற்றோருக்குச் சொல்லுவேன்”. அங்கே 1985-இல் பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது: சிகிச்சையைப் பற்றி அவளுக்கு முழுப் புரிதல் இருந்தால், பெற்றோர் சம்மதம் இல்லாமலே மருத்துவர் கொடுக்கலாம். ஆகவே அவள் என்ன புரிந்துகொண்டிருக்கிறாள், யாராவது வற்புறுத்துகிறார்களா, துணைவனுக்கு என்ன வயது என்று கேட்க வேண்டும். பெற்றோரிடம் அவளாகவே சொல்லத் தூண்ட வேண்டும். அவளுக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியத்தை உடைக்க வேண்டியிருக்கும். முடிவைவிட அந்த முடிவுக்கு வந்த வழியைச் சத்தமாகச் சொன்னால்தான் மதிப்பெண்.

கணக்கு ஸ்டேஷனும் வரலாம். குழந்தையின் எடை 18 கிலோ, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி., சிரப் 5 மி.லி.யில் 120 மி.கி. அப்படியானால் 270 மி.கி., அதாவது 11.25 மி.லி. பதற்றத்தில் மி.கி.யை மி.லி. என்று சொல்லிவிடுவார்கள். கால்குலேட்டர் இல்லாமல் பழகட்டும்.

தினமும் இரண்டு கேள்வி, போனில் டைமர், வீட்டில் யாராவது முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தால் போதும். தேர்வாளர்கள் தலையாட்ட மாட்டார்கள். அதற்குப் பழகாத பிள்ளை தான் தவறாகப் பேசுகிறோம் என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும்.

ரோஸ்ஹில் அம்மா:
ரொம்ப நன்றி. ஜனவரியில் சூறாவளி வந்து கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் பயமாக இருக்கிறது.

காத்ர்போர்ன் குமரன்:
நியாயமான பயம்தான் அக்கா. கிளாஸ் 1, அதாவது சூறாவளியின் முதல் கட்ட எச்சரிக்கை, பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடும். அது வந்த அன்றே சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி மாற்று நாள் கேளுங்கள். கிளாஸ் 3 வரை காத்திருந்தால் கேட்பதற்கே இணையம் இருக்காது. சாதாரண நாளுக்கும் ரௌட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ்., போனில் ஹாட்ஸ்பாட் இரண்டும் தயாராக இருக்கட்டும். லண்டனில் காலை 10 என்றால் நமக்குப் பிற்பகல் 2. விண்ணப்பம் போட்ட அக்டோபர் நடுவில் வித்தியாசம் மூன்று மணிதான், இப்போது நான்கு. தைப்பூசக் காவடி அங்கே யாருக்கும் தெரியாது, நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நாள்காட்டியைப் பாருங்கள்.

அனிச்சம்:
எந்தக் கல்லூரி என்பதைத் தரவரிசைப் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். பாடம் நடத்தும் முறைதான் முதலில். லங்காஸ்டர் போன்ற இடங்களில் பி.பி.எல். (சிக்கல் வழிக் கற்றல்): சிறு குழுவுக்கு ஒரு நோயாளியின் கதையைக் கொடுப்பார்கள், எதைப் படிக்க வேண்டும் என்று மாணவர்களே கண்டுபிடித்துப் படித்துவர வேண்டும். ட்யூஷன் நோட்ஸ் வைத்தே வளர்ந்த பிள்ளைக்கு முதல் ஆண்டு திணறும். தானே தேடிப் படிக்கிற பிள்ளைக்கோ விரிவுரை மட்டும் என்றால் சலித்துவிடும். மகள் எந்த ரகம் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது காலமும் பணமும். எடின்பரோவில் இடையில் ஒரு பட்டம் கட்டாயம் என்பதால் பள்ளி முடித்துச் செல்பவர்களுக்கு ஆறு ஆண்டுகள், பல இடங்களில் ஐந்து. வெளிநாட்டுக் கட்டணத்தில் ஓராண்டு என்பது வீட்டு லோன் மாதிரி. இங்கிலாந்தில் வெளிநாட்டவருக்கு ஏறத்தாழ 7.5% இடங்கள்தாம், ஆகவே இரண்டு அழைப்பு வந்ததே பெரிது.

நேர்காணல் முடிவில் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்தால் வலைத்தளத்தில் இருப்பதைக் கேட்க வேண்டாம். பயிற்சி மருத்துவமனைகள் எவ்வளவு தொலைவு, அங்கே தங்கும் செலவு யாருடையது, ஒரு தேர்வில் தவறினால் மறுதேர்வா அல்லது முழு ஆண்டும் மறுபடியா என்று கேட்கட்டும். எம்.எம்.ஐ.யில் பெரும்பாலும் அதற்கு நேரம் இருக்காது, அப்படியானால் இடம் கிடைத்தபின், யூகேஸில் ‘ஃபர்ம்’ (இதுவே என் முதல் தேர்வு) என்று பதில் போடுவதற்கு முன்பு, மின்னஞ்சலில் கேட்கலாம்.