மறு: மறு: மதகடி ஒழுங்கைக் காசும் 5,000 மில்லியனும்

அனுப்புநர்: செயலாளர், லண்டன் கிளை
2025 ஏப்ரல்

அன்பான ஊர்ச் சங்கத்தவர்களுக்கு,

சித்திரைக் கொண்டாட்டத்துக்கு ஊருக்குப் போன மச்சாள் அனுப்பின படங்களை இணைச்சிருக்கிறன். வாசிகசாலைக்கு முன்னால போன வருஷம் போட்ட கொங்கிறீற்று றோட்டின் ஓரம் இப்பவே உடைஞ்சு கம்பளிப்பூச்சி அரிச்ச மாதிரிக் கிடக்கு. மதகடியிலிருந்து உள்ள போற 320 மீற்றர் ஒழுங்கையில ஒரு வேலையும் தொடங்கேல்லை. திசைகாட்டிக்காரர், அதுதான் ஜனாதிபதி அநுரவின்ர தேசிய மக்கள் சக்தி, வீடு வீடாக வந்து, பட்ஜெட்டில வடக்கு வீதிகளுக்கு 5,000 மில்லியன் இருக்கு, பிரதேச சபையை எங்களுக்குத் தாங்கோ, காசு தானா வரும் எண்டு சொல்லினமாம். வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சிக்காரர் வந்து, கொழும்புக் காசை நம்பாதேங்கோ, வெளிநாட்டுப் பிள்ளையள் போட்டால் நாங்கள் முடிச்சுத் தாறம் எண்டினமாம். சைக்கிள் சின்னத் தமிழ்க் காங்கிரஸ் ஆக்கள் ரெண்டு பேரையும் திட்டிப்போட்டுப் போச்சினம்.

ஒழுங்கைக்குக் கொங்கிறீற்றுப் போட வாசிகசாலைக் கமிற்றி தலைக்கு 150 பவுண் கேட்குது. மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன்னம் தொடங்கினால் நல்லம் எண்டு சொல்லினம். உங்கட கருத்தைச் சொல்லுங்கோ.

---

அனுப்புநர்: பொருளாளர், ரொறன்ரோ கிளை

கருத்துச் சொல்ல முதல் கணக்குச் சொல்லுங்கோ. 2019 மதகுத் திருத்தத்துக்கு அனுப்பின காசின் கடைசி மூண்டு வவுச்சர் இன்னும் வரேல்லை. ஆர் வைச்சிருக்கினம் எண்டு இந்தக் குழுவில எல்லாருக்கும் தெரியும், நான் பேர் சொல்லேல்லை.

பட்ஜெட் எண்டால் எல்லாரும் வீதியை மட்டும் பார்க்கிறியள். எங்கட புலமைப்பரிசில் நிலையான வைப்பை அது எப்பிடிக் கடிக்குது எண்டு ஆராவது பார்த்தியளோ? வட்டிக்கு வங்கி பிடிக்கிற வரி ஏப்ரல் 1 தொடக்கம் 5 வீதத்திலிருந்து 10 வீதம். 30 லட்சம் வைப்பு, வட்டி 8 வீதம் எண்டு வையுங்கோ. வருஷ வட்டி 2,40,000. முந்திப் பிடிச்சது 12,000, இனி 24,000. அந்த 12,000 வித்தியாசம் ஒரு பிள்ளையின்ர வருஷக் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு.

வருஷ வருமானம் 18 லட்சத்துக்குக் குறைஞ்சவை வங்கியில பிரகடனம் குடுத்தால் பிடிக்க மாட்டினம் எண்டு பாரிஸ் தம்பி போன கிழமை எழுதினார். சரிதான், ஆனால் அது தனி ஆட்களுக்கு. சங்கத்தின்ர பேரில இருக்கிற வைப்புக்கு அது செல்லாது. அதுக்காக ஆரும் தன்ர தாய் தகப்பன்ர பேருக்கு வைப்பை மாத்துவம் எண்டு யோசிக்க வேண்டாம். அப்பிடி மாத்தின இன்னொரு ஊர்ச் சங்கம் இப்ப மரணச் சான்றிதழோட வங்கி வாசலில நிக்குது.

150 பவுணுக்கு நான் எதிர். எஸ்ரிமேற் எங்கை?

---

அனுப்புநர்: ஓவசியர், மெல்பேர்ண்

பொருளாளர் கேட்டது நியாயமான கேள்வி. எஸ்ரிமேற்றுக்கு முதல் வேற ரெண்டு விஷயம் இருக்கு.

முதலாவது, அந்த 5,000 மில்லியன். வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் எண்டு பெப்ரவரி 17 உரையில சொன்னது உண்மை. முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் தனி. ஆனால் 5,000 மில்லியன் ஐஞ்சு மாவட்டத்துக்கு. யாழ்ப்பாணத்தில மட்டும் 17 உள்ளூராட்சி சபை, மாகாணம் முழுக்க 34. சரிசமனாப் பிரிச்சாலும் ஒரு சபைக்கு ஏறக்குறைய 147 மில்லியன்தான் வரும், சரிசமனாப் பிரிக்கிற வழக்கமும் இல்லை. அந்தக் காசு சபையின்ர பெட்டிக்குள்ள நேர வந்து விழவும் மாட்டுது. மாவட்டச் செயலகமும் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களமும் பட்டியல் கேட்கும், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில முன்னுரிமை போடுவினம், அது மாவட்டக் குழுவுக்குப் போகும், பிறகு எஸ்ரிமேற், பிறகு கேள்வி கோரல் (ரெண்டர்). சபைத் தலைவரான தவிசாளர் ஆர் எண்டது இந்தச் சங்கிலியில ஒரு கண்ணி மட்டும்.

ரெண்டாவது, கலண்டர். இந்த வருஷம் முதல் நாலு மாதத்துக்கும் இடைக்காலக் கணக்குத்தான் போட்டது. பட்ஜெட் நிறைவேறினது மார்ச் 21. பட்டியலும் கேள்வி கோரலும் முடிய யூலை, ஓகஸ்ட் ஆகும். டிசம்பர் 31க்குள்ள அளந்து பில் போடாத காசு திறைசேரிக்குத் திரும்பும். எங்கட பக்கம் ஐப்பசி பிறந்தால் மழை. போன கார்த்திகை வெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆகவே கொங்கிறீற்றுப் போடக் கிடைக்கிறது ஆறு, ஏழு கிழமை. அந்த அவசரத்திலதான் தரம் போறது. கட்சி எதுவானாலும் டிசம்பரில ஈரத் தரையில போட்ட றோட்டு மாசியில உடையும்.

இனி மச்சாளின்ர படங்கள். மூண்டாவது படத்தில உடைஞ்ச ஓரத்துக்குப் பக்கத்தில அடிமட்டம் வைச்சிருக்கிறா. கெட்டிக்காரி. கனம் நாலு அங்குலம். வேலை விபரப் பலகையில எழுதியிருக்கிறது ஆறு அங்குலம். எங்கட ஒழுங்கைக்கு இதை வைச்சுப் பாருங்கோ: 320 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 150 மில்லிமீற்றர் கனம் எண்டால் 144 கன மீற்றர். 1:2:4 கலவைக்குக் கன மீற்றருக்கு ஏறக்குறைய 6.4 பை சீமெந்து, ஆகவே 920 பை. நாலு அங்குலமாக் குறைச்சால் 96 கன மீற்றர், 615 பை. முந்நூறு பை சீமெந்து காத்தோட போகும், மேலால பார்க்கிற ஒருத்தருக்கும் தெரியாது.

ஓரம் உடைஞ்சதுக்குக் கனம் மட்டும் காரணமில்லை. ரெண்டு பக்கமும் கிரவல் போட்டு இறுக்கேல்லை. தரை கொங்கிறீற்றை விட அரை அடி பள்ளம். லான்ட்மாஸ்ரர் உழவு மெசின்ர சில்லு விளிம்பில ஏறி இறங்க, தாங்க ஒண்டும் இல்லாத விளிம்பு முறியும். குறுக்கு மூட்டும் ஒரு படத்திலயும் காணேல்லை. 4, 4½ மீற்றருக்கு ஒருக்கால் மூட்டு விடாவிட்டால் கொங்கிறீற்று தனக்கு வசதியான இடத்தில தானே வெடிக்கும். ரெண்டாவது படத்தில போற அந்த வளைஞ்ச வெடிப்பு அதுதான். சாக்குப் போட்டு ஏழு நாள் தண்ணி ஊத்தினதோ எண்டு வாசிகசாலைப் பக்கத்து வீட்டில கேளுங்கோ. அவையின்ர கிணத்திலதான் தண்ணி அள்ளியிருக்க வேணும்.

மற்றது, றோட்டை உயர்த்திப் போட்டு வெள்ளத்துக்கு வழி விடேல்லை. மதகடியால குளத்துக்கு ஓடின தண்ணி இப்ப பள்ளிக்கூட வளவுக்குள்ள நிக்கும். கான், அதாவது வடிகால், இல்லாமல் கொங்கிறீற்றுப் போடுறது அணைக்கட்டுப் போடுற மாதிரி.

எல்லாத்துக்கும் மேல: இந்த ஒழுங்கை பிரதேச சபையின்ர வீதிப் பதிவேட்டில இருக்கோ? ஏ, பி தர வீதி மத்திய அரசு. சி, டி மாகாணம். எங்கட மாதிரி ஒழுங்கையள் சபைக்குரியவை, ஆனால் பதிவேட்டில நீளமும் அகலமும் ஏறியிருந்தால் மட்டும். ஏறாத துண்டு சபைக்குரிய வீதி எண்டு கணக்கில்லை. அதில அரசாங்கக் காசு போட ஏலாது, எந்தக் கட்சி வந்தாலும் ஏலாது. பதிவேட்டுப் பிரதி வரட்டும். அதுவரைக்கும் ஒரு பவுணும் அனுப்பாதேங்கோ.

---

அனுப்புநர்: சூரிச் கிளை

ஓவசியர் அண்ணை சல்லி, சீமெந்து எண்டு எழுதினது நல்லம். நான் மானத்தைப் பற்றி எழுதுறன்.

5,000 மில்லியன் எண்டால் 500 கோடி. அதே பட்ஜெட்டில பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன், 44,200 கோடி. எங்களுக்குத் தந்ததைப் போல 88 மடங்கு. யுத்தம் முடிஞ்சு 16 வருஷம். அந்த ஆமிக்காரர் எங்கை நிக்கினம், ஆற்ற காணியில நிக்கினம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. யாழ் நூலகத்துக்கு 100 மில்லியன் எண்டு உரையில சொல்ல எங்கட ஆக்களுக்குக் கண் கலங்குது. 1981இல அதை எரிச்சது ஆர் எண்டதும் மறந்து போச்சு.

இந்த மாதம் மன்னாரில ஜனாதிபதி என்ன சொன்னவர்? தங்கட கட்சிச் சபை கேட்டால் காசு உடன வருமாம், மற்றச் சபை கேட்டால் பத்துத் தரம் பார்ப்பினமாம். இது பட்ஜெட்டோ, லஞ்சமோ? தமிழரசுக் கட்சிச் சுமந்திரன் தேர்தல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்தது சரி. அவரில எனக்கு ஆயிரம் குறை இருக்கு, அது வேற கதை. 150 பவுண் இல்லை, நான் 500 பிராங் தாறன். எங்கட ஒழுங்கையை நாங்கள் போடுவம். அப்பு காலத்தில மதகைச் சிரமதானத்தில கட்டின ஊர் இது, மறந்துபோகாதேங்கோ.

மற்றது பொருளாளருக்கு: அந்த மூண்டு வவுச்சர் கதையை ஐஞ்சு வருஷமாக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. 1997இல உங்களைக் கொழும்பு லொட்ஜில இருந்து வெளிநாட்டுக்கு எடுத்துவிட்டது ஆர் எண்டு ஒருக்கால் யோசியுங்கோ.

---

அனுப்புநர்: பாரிஸ்

சூரிச் மாமா, மானம் சரி. ஆனால் ஊரில சனம் ஏன் அப்பிடி வாக்குப் போட்டது எண்டு நாங்கள் கேட்கிறதே இல்லை. செப்ரெம்பர் ஜனாதிபதித் தேர்தலில யாழ் மாவட்டத்தில அநுரவுக்கு 27,086 வாக்கு. ரெண்டு மாதம் கழிச்சு நவம்பரில திசைகாட்டிக்கு 80,830, தமிழரசுக்கு 63,327. ஆறு ஆசனத்தில மூண்டு அவைக்கு. சைக்கிளுக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு, ஊசிச் சின்னத்தில நிண்ட அர்ச்சுனாவின்ர சுயேச்சைக்குழுவுக்கு ஒண்டு. சனம் ஒரே நாளில கொள்கை மாறேல்லை. எங்கட கட்சியள் நாலாப் பிரிஞ்சு ஆளையாள் கிழிச்சதில அலுத்துப் போச்சு.

அதுக்காகத் திசைகாட்டிக்காரர் சொல்லுறதையும் அப்பிடியே விழுங்கத் தேவையில்லை. அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000, 15,750 கூடினது எண்டு மேடையில முழங்கினம். ஏற்கனவே குடுத்த 7,500 ரூபா படியையும் அதுக்குள்ள சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. உண்மையில கூடினது 8,250. அதுவும் 2027 ஜனவரி வரை மூண்டு தவணையில. ஊரில ரீச்சர்மார் இதைக் கணக்குப் பார்த்துத்தான் வைச்சிருக்கினம், நவம்பரில போட்ட வாக்கை மே மாதமும் போடுவினம் எண்டு நான் நினைக்கேல்லை.

சபைத் தேர்தலில இன்னொரு சிக்கல். ஒரே ஒரு வாக்கு. அது வட்டார ஆளுக்கும் போகும், கட்சியின்ர மொத்தக் கணக்குக்கும் போகும். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். கனக்க வட்டாரம் வெண்ட கட்சிக்கும் சபையில அறுதிப் பெரும்பான்மை வராமல் போகலாம். பிறகு ஆர் ஆரோட சேர்ந்து தவிசாளர் எடுக்கிறது எண்ட பேரம். யாழ் மாநகர சபையில 2020 டிசம்பரில நடந்தது தெரியும்தானே. பட்ஜெட் ரெண்டு தரம் தோத்து ஆனல்ட் மேயர் பதவியை விட்டார், ஒரு வாக்கு வித்தியாசத்தில மணிவண்ணன் வந்தார். இப்பிடியான சபையில ஒழுங்கைக்கு ஒதுக்கின காசு அடுத்த பட்ஜெட்டில வேற வட்டாரத்துக்குப் போகும். ஆகவே மே 6க்கு முன்னம் தொடங்கச் சொல்லிக் கமிற்றி ஏன் அவசரப்படுது? வேலை தொடங்கினால் ஆற்ற பலகை நடுவினம்?

---

அனுப்புநர்: செயலாளர், லண்டன் கிளை

பலகையைப் பற்றிக் கமிற்றியிட்டக் கேட்டன். மூண்டு நாளாப் பதில் இல்லை.

---

அனுப்புநர்: ஓவசியர், மெல்பேர்ண்

சூரிச் தம்பிக்கு: சிரமதானத்தில கட்டின மதகு இண்டைக்கும் நிக்குது, ஏனெண்டால் அதில கருங்கல்லும் சுண்ணாம்பும் அளவாப் போட்டவை. மானத்தோட அளவும் வேணும்.

சங்கம் காசு போடத்தான் வேணும் எண்டால் கொங்கிறீற்றுக்குப் போடாதேங்கோ. கொங்கிறீற்றுக்கு எந்த வருஷமாவது அரசாங்கக் காசு வரும். அரசாங்கம் ஒருநாளும் காசு தராத வேலை ரெண்டு இருக்கு. ஒண்டு நில அளவையாளரைப் பிடிச்சு ஒழுங்கையின்ர எல்லையை அளந்து கல்லுப் போடுறது. மற்றது மதகடியிலிருந்து குளம் வரைக்கும் தூர்ந்த வெள்ள வாய்க்காலை வெட்டுறது. வாய்க்கால் வேலையை ஊர்ச்சனமே செய்யலாம். நாள் கூலி, ஒரு ஜேசிபி ரெண்டு நாள். கூலிப் பட்டியலில கையெழுத்து வாங்கிப் படம் எடுத்துப் பொருளாளருக்கு அனுப்பலாம். அவருக்கும் நிம்மதி.

கமிற்றியிட்டப் பதில் வராது. மச்சாள் இன்னும் ஊரில எண்டால், அவவையே சபைக்கு அனுப்புங்கோ. வீதிப் பதிவேட்டின் பிரதி வேணும் எண்டு எழுத்தில குடுக்கச் சொல்லுங்கோ. வாயால கேட்டால் நாளைக்கு வாங்கோ எண்டுவினம். தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் எண்டு மேல எழுதினால் 14 வேலை நாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்டு அவை முடிவு சொல்ல வேணும். அதைக் கண்ட உடன பெரும்பாலும் அண்டைக்கே தந்துவிடுவினம்.

---

அனுப்புநர்: செயலாளர், லண்டன் கிளை

மச்சாள் போய் வாங்கிப்போட்டா, அண்டைக்கே தந்தவையாம். பிரதியை இணைச்சிருக்கிறன். மதகடி ஒழுங்கை, நீளம் 190 மீற்றர், அகலம் 3.6 மீற்றர், முடிவு: வைரவர் கோயில் கிணறு. மிச்சம் 130 மீற்றர் பதிவேட்டில இல்லை.

பொருளாளரும் ஓவசியரும் சொன்னபடி காசு சேர்ப்பு நிறுத்தியிருக்கு. வந்த 300 பவுண் திருப்பி அனுப்பப்படும்.

அந்த 130 மீற்றருக்கும் ரெண்டு பக்கக் காணிக்காரரும் சபைக்கு எழுதிக் குடுத்தால் பதிவேட்டில ஏத்தலாம் எண்டு சபையில சொன்னவையாம். மொத்தம் ஏழு கையெழுத்து. ஆறு பேரோட கதைச்சாச்சு, சம்மதம்.

சூரிச் அண்ணை, ஏழாவது உங்கட மதில். மச்சாள் அளந்து பார்த்தவ, அது ஒழுங்கைக்குள்ள ரெண்டே கால் அடி வந்து நிக்குது.