மறுமொழி: ‘ஹரிக்கேன் டிடக்டபிள்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுமத்து அன்பர்களுக்கு வணக்கம்.

புளோரிடாவின் தாம்பாவில் வீடு வாங்கியிருக்கும் தம் மகளின் காப்புறுதிப் பத்திரத்தைப் படித்துவிட்டு, அதிலுள்ள ‘ஹரிக்கேன் டிடக்டபிள்’ என்பதற்கு, அதாவது சூறாவளிச் சேதத்தில் நிறுவனம் இழப்பீடு தரத் தொடங்குமுன் வீட்டுக்காரரே ஏற்க வேண்டிய தொகைக்கு, தமிழ்ச்சொல் கேட்டிருந்தார் கோலாலம்பூர் அன்பர். இதுவரை வந்த மடல்களில் கழிவுத்தொகை, விலக்குத்தொகை, மிகைத்தொகை, பிடித்தம் என்னும் நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. பினாங்கில் வீட்டுக் காப்புறுதிக் கோரிக்கைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், இந்த நான்கில் எதுவுமே அந்தப் பத்திரத்தில் உண்மையில் நடப்பதைச் சொல்லவில்லை என்று கருதுகிறேன். ஆகவே முதலில் பொருளைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

1992 ஆகஸ்டு 24 அன்று ஆண்ட்ரூ சூறாவளி தென் புளோரிடாவைத் தாக்கும்வரை, அங்கே வீட்டுச் சேதத்தில் உரிமையாளர் ஏற்க வேண்டியது பெரும்பாலும் சில நூறு டாலர் என்னும் நிலையான தொகையாகவே இருந்தது. ஆண்ட்ரூவின் இழப்பீட்டுச் சுமையில் பல நிறுவனங்கள் நொடித்துப்போயின. எஞ்சியவை கடற்கரை வீடுகளை ஏற்கவே தயங்கின. அவற்றைத் தக்கவைக்க மாநில அரசு 1993இல் சூறாவளிப் பேரிடர் நிதியம் ஒன்றை அமைத்தது. நிறுவனங்களோ, சூறாவளிச் சேதத்துக்கு மட்டும் உரிமையாளர் ஏற்கும் தொகையைத் தனியாகப் பிரித்து, அதை விழுக்காட்டுக் கணக்குக்கு மாற்றிக்கொண்டன. இன்று புளோரிடாவில் 500 டாலர் அல்லது 2, 5, 10 விழுக்காடு என்பவையே வழக்கமான தெரிவுகள். வடக்கே மேய்ன் முதல் தெற்கே டெக்சஸ் வரை, கடலோர மாநிலங்கள் பலவற்றில் இதே போன்ற ஏற்பாடு உண்டு.

இங்கே எதன் விழுக்காடு என்பதுதான் சிக்கலின் மையம். அது சேதத்தின் விழுக்காடு அன்று. வீட்டுக் கட்டடத்துக்கு எடுத்துள்ள காப்புறுதித் தொகையின் விழுக்காடு. 4,00,000 டாலருக்குக் காப்புறுதி செய்யப்பட்ட வீட்டின் கூரை சூறாவளியில் பிய்ந்து, பழுதுபார்க்க 30,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 2 விழுக்காட்டுப் பத்திரமானால் உரிமையாளர் 8,000 டாலரை ஏற்க, நிறுவனம் 22,000 டாலர் தரும். 5 விழுக்காடானால் அவர் ஏற்பது 20,000. கைக்கு வருவது 10,000. 10 விழுக்காடானால் அவர் ஏற்க வேண்டிய எல்லை 40,000 டாலர் ஆகிவிடுவதால், அந்தக் கூரைக்கு ஒரு காசும் வராது. ‘இரண்டு விழுக்காடு’ என்பதைச் சேதத்தில் இரண்டு விழுக்காடாக, அதாவது வெறும் 600 டாலராகப் புரிந்துகொண்டவர் அடையும் அதிர்ச்சியை எண்ணிப் பாருங்கள். மருத்துவக் காப்புறுதியில், செலவில் ஒரு பங்கைக் காப்புறுதி எடுத்தவரே ஏற்கும் ‘கோ-பேமண்ட்’ என்னும் முறை அண்மையில் பரவலாகப் பேசப்படும் மலேசியாவில் இந்தக் குழப்பத்துக்கு இடம் இன்னும் அதிகம். ஏனெனில் கோ-பேமண்டில் விழுக்காடு என்பது உண்மையிலேயே வந்த செலவின் விழுக்காடுதான். நாம் ஆக்கும் சொல் இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டிவிடக் கூடாது.

அடுத்து, இந்த விதி எப்போது நடைமுறைக்கு வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். புளோரிடாவில், தேசியச் சூறாவளி மையம் சூறாவளி என அறிவித்த ஒன்றுக்காக மாநிலத்தின் ஏதேனும் ஒரு பகுதிக்கு முன்னறிவிப்போ எச்சரிக்கையோ விடுக்கப்பட்ட நேரத்தில் இது தொடங்குகிறது. கடைசி அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்ட பின் 72 மணி நேரம் வரை நீடிக்கிறது. தம் ஊரில் காற்று அவ்வளவு வேகமாக வீசவில்லை என்று உரிமையாளர் வாதிட்டுப் பயனில்லை. இதற்கு நேர்மாறாக, 2012 அக்டோபர் 29 அன்று நியூ ஜெர்சியில் கரையேறிய சாண்டி, அதற்குச் சற்று முன்னரே வெப்பமண்டலச் சூறாவளி என்னும் தன்மையை இழந்துவிட்டதாக அமெரிக்க வானிலைத் துறை வகைப்படுத்தியிருந்தது. அதனால் நியூ யார்க், நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாநில ஆளுநர்கள் சூறாவளிக்கான விழுக்காட்டுக் கணக்கு அங்கே செல்லாது என்று அறிவித்தார்கள். வானிலையாளர் வைத்த ஒரு பெயர், வீட்டுக்காரரின் கணக்கில் பல்லாயிரம் டாலரைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

இதனால்தான் ‘ஹரிக்கேன்’ என்பதற்குப் ‘புயல்’ என்னும் முன்னொட்டை நான் ஏற்கவில்லை. அமெரிக்கப் பத்திரங்களில் சூறாவளிக்கு ஒன்று, பெயரிடப்பட்ட புயலுக்கு ஒன்று, எந்தக் காற்றுக்கும் பொதுவான ஒன்று என மூன்று வகை உண்டு. மூன்றும் வெவ்வேறு வாசலில் தொடங்குபவை. நிலைத்த காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீட்டரை எட்டினால் அங்கே புயலுக்குப் பெயர் சூட்டப்படுகிறது. 119 கிலோமீட்டரை எட்டினால்தான் அது ஹரிக்கேன். வங்கக் கடலிலும் ஏறத்தாழ அந்த முதல் எல்லையில்தான் தமிழ்நாட்டுச் செய்திகள் ‘புயல்’ என்று சொல்லத் தொடங்குகின்றன, பெயரும் அப்போதே வைக்கப்படுகிறது. ஆகவே புயல் என்பதைப் பெயரிடப்பட்ட புயலுக்கும், சூறாவளி என்பதை ஹரிக்கேனுக்கும், காற்று என்பதை மூன்றாவதற்கும் ஒதுக்கிவிட்டால் மூன்றும் மோதாமல் நிற்கும். சூறாவளி என்பது சுழல்காற்றுக்கும் வழங்குகிறதே என்ற மறுப்பு வரும். காப்புறுதிப் பத்திரத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். சென்னை அன்பர் பரிந்துரைத்த கழிவுத்தொகை, பினாங்கில் எடுபடாது. தீபாவளிக் காலத்தில் லிட்டில் இந்தியா கடைகளில் ‘20 விழுக்காடு கழிவு’ என்று எழுதித் தொங்கவிட்டால் அது விலைக்குறைப்பு. சூறாவளிக் கழிவு என்றால் சூறாவளியை முன்னிட்டு நிறுவனம் ஏதோ சலுகை தருகிறது என்றே நம்மவர் படிப்பார்கள். மிகைத்தொகை, மலேசியப் பத்திரங்களில் இதே தொகையைக் குறிக்கும் ‘எக்செஸ்’ என்பதன் நேர்பெயர்ப்பு. கூடுதலாக ஏதோ கிடைக்கும் என்ற எண்ணத்தைத் தருவதால் இன்னும் மோசம்.

விலக்குத்தொகையை மறுப்பதற்கு வலுவான காரணம் உண்டு. விலக்கு என்னும் சொல்லை, பத்திரம் ஏற்காத இடரைக் குறிக்கும் ‘எக்ஸ்குளூஷன்’ என்பதற்காக நாம் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும். அமெரிக்க வீட்டுக் காப்புறுதியில் வெள்ளம் ஒரு விலக்கு. 1968இல் உருவான தேசிய வெள்ளக் காப்புறுதித் திட்டத்தின்கீழ் அதற்குத் தனிப் பத்திரம் எடுக்க வேண்டும். அதிலும் குடும்ப வீட்டின் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர்தான். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் மிசிசிப்பி, லூசியானா கடற்கரைகளில் நிறுவனங்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நடந்த நீண்ட வழக்குகள் பலவும், வீட்டை இடித்தது காற்றா, கடல்நீரா என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றியே ஓடின. இங்கே நமக்கும் இது அந்நியமன்று. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியபோது, வீட்டுக்கடனுக்காக எடுத்த அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளம் சேராது என்பதைத் தண்ணீர் வடிந்த பிறகு அறிந்தவர்களை நான் அறிவேன். உரிமையாளர் ஏற்கும் தொகை வேறு, பத்திரம் தொடவே தொடாத இடர் வேறு. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் கூடாது.

எஞ்சியிருப்பது பிடித்தம். சம்பளச் சீட்டில் எல்லாரும் கண்ட சொல் என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நாளிதழ்த் தலைப்பில் ‘சூறாவளிப் பிடித்தம்’ என்று வந்தால் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பிடித்தம் என்பது, தர வேண்டிய பணத்தில் தருபவர் பிடித்துக்கொள்வது. மேலே காட்டிய 10 விழுக்காட்டு எடுத்துக்காட்டில் தர வேண்டிய பணமே இல்லை; உரிமையாளர் தம் கைப்பணத்தில் கூரை போடுகிறார். சொல் நிறுவனத்தின் பக்கமிருந்து பார்க்கிறது. நமக்குத் தேவை வீட்டுக்காரரின் பக்கமிருந்து பார்க்கும் சொல்.

எனவே என் முன்மொழிவு தற்பொறுப்பு, விரிவாகத் தற்பொறுப்புத் தொகை. தற்காப்பு, தற்சார்பு என்பவற்றின் வரிசையில் இது இயல்பாக அமரும். தன்பொறுப்பு என்று எழுதுபவரோடும் எனக்குச் சண்டையில்லை. பொறுப்பு என்றால் ‘லயபிலிட்டி’ ஆயிற்றே என்று ஈப்போ அன்பர் கேட்கக்கூடும். அது பிறருக்கு நேர்ந்த தீங்குக்கு நாம் ஏற்கும் பொறுப்பு. ‘தன்’ என்னும் முன்னொட்டே இதை அதிலிருந்து பிரித்துவிடுகிறது. செலவின் விழுக்காடாக வரும் ‘கோ-பேமண்ட்’ என்பதற்குத் தன்பங்கு என்று வைத்துக்கொண்டால், பங்கு செலவைப் பொறுத்து ஏறி இறங்குவது, தற்பொறுப்பு பத்திரம் எழுதும்போதே தீர்மானிக்கப்படுவது என்ற வேறுபாடும் சொல்லளவில் தெளிவாகும்.

சொற்பட்டியலுக்கான வரைவு: “சூறாவளித் தற்பொறுப்பு: சூறாவளி என அதிகாரமுறையில் அறிவிக்கப்பட்ட நிகழ்வால் வீட்டுக்கு நேரும் சேதத்தில், நிறுவனத்தின் இழப்பீடு தொடங்குமுன் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய தொகை, பெரும்பாலும் காப்புறுதித் தொகையின் விழுக்காடாகக் கணக்கிடப்படுவது.” புளோரிடாவைப் பொறுத்தவரை ‘நாட்காட்டி ஆண்டுக்கு ஒருமுறை’ என்பதையும் குறிப்பாகச் சேர்க்கலாம். 2004இல் சார்லி, பிரான்சிஸ், ஐவன், ஜீன் என நான்கு சூறாவளிகள் ஒரே பருவத்தில் தாக்கி, ஒரே வீட்டுக்காரர் மீண்டும் மீண்டும் முழுத்தொகையை ஏற்க நேர்ந்த பிறகே சட்டம் அப்படி மாறியது. 2024இல் ஹெலீனும் மில்டனும் இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்த தாம்பாவில் வீடு வைத்திருப்பவருக்கு இந்தக் குறிப்பு வெறும் வரலாறன்று.

இதே பத்திரத் தொகுதியில் இன்னும் இரண்டு சொற்கள் நிலுவையில் உள்ளன. தனியார் நிறுவனங்கள் கைவிட்ட வீடுகளை ஏற்க 2002இல் புளோரிடா அமைத்த சிட்டிசன்ஸ் போன்ற அமைப்புக்குக் ‘கடைப்புகல் காப்புறுதியாளர்’ என்று நான் எழுதிவருகிறேன். 2023இல் அதன் பத்திரங்கள் 14 இலட்சத்தை எட்டின என்பதால் கடைப்புகலே முதற்புகல் ஆகிவிட்டதே என்ற கேலி இருந்தாலும், சொல் பொருந்தும். அந்த அமைப்புக்குப் பற்றாக்குறை வந்தால், அதில் பத்திரமே எடுக்காதவர்களின் வாகனக் காப்புறுதி மீதுகூட ஒரு கூடுதல் தொகை விதிக்கப்படலாம். ‘அசெஸ்மெண்ட்’ எனப்படும் அதற்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. மதிப்பீடு என்பது முற்றிலும் வேறு பொருள் தருகிறது; வரி என்றால் அரசு கருவூலத்துக்குப் போவதாகிவிடும். பற்றாக்குறைத் தண்டல் என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கங்களிலோ கோயில் நிருவாகத்திலோ இத்தகைய வசூலுக்குப் பழைய வழக்குச்சொல் ஏதும் இருந்தால், அறிந்தவர்கள் எழுதுங்கள்.