மறு: லேட்டரைட் நிக்கலுக்குத் 'தேரித்தாது' பொருந்துமா?

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். லேட்டரைட் என்னும் சிவந்த, மக்கிய கல்மண்ணில் கிடைக்கும் நிக்கல் தாதுவுக்கு நம் அகராதியில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> நம்ம திசையன்விளைப் பக்கத்துத் தேரியும் சிவப்புதானே, இரும்பும் இருக்கு. 'தேரித்தாது' என்று வைத்தால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பிடித்துக்கொள்வார்கள், ஆனால் தப்பாகப் பிடித்துக்கொள்வார்கள் அண்ணாச்சி. தேரி என்பது காற்று கொண்டுவந்து குவித்த மணல். ஒரு கை அள்ளினால் விரலிடுக்கில் தனித்தனி மணியாக வழியும். மணியின் மேல் ஏறியிருக்கும் இரும்புத் துருதான் அந்தச் சிவப்பு. லேட்டரைட் எங்கிருந்தும் வந்து சேர்ந்ததில்லை. பாறை நின்ற இடத்திலேயே மக்கி உண்டானது. மண்ணுக்குள் இருக்கும்வரை வெட்டுக்கு இளகிக் கொடுக்கும், வெட்டியெடுத்து வெயில் பட்டால் இறுகிவிடும். உடைத்துப் பார்த்தால் துளை துளையாக இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைக்கக் கூடாது.

பாடப்புத்தகத்தில் லேட்டரைட்டுக்கு இருக்கும் 'சரளை'யும் இங்கே உதவாது. நம்மூரில் சரள் என்றால் ரோட்டுக்கு அடிக்கிற மண், அவ்வளவுதான்.

புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இல்லை என்பது என் கருத்து. புதுக்கோட்டைப் பக்கம் இதைச் செம்புராங்கல் என்கிறார்கள், செம்புரைக்கல் என்றும் வழக்கு உண்டு. லேட்டரைட் என்ற பெயரே மலைக்கு அந்தப் பக்கம் பிறந்ததுதான். மலபாரில் அங்காடிப்புரத்தில் இந்தக் கல்லைச் செங்கல் மாதிரி வெட்டி வீடு கட்டுவதைப் பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன், 1807ல் லத்தீனில் செங்கல்லுக்குரிய சொல்லை எடுத்து அந்தப் பெயரை வைத்தார். அதனால் 'செம்புரைத் தாது' என்று முன்மொழிகிறேன்.

> இரண்டையும் 'நிக்கல் படிவு' என்று சொல்லிவிட்டுப் போகலாமே? எதற்கு இரண்டு சொல்?

இந்தக் கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். இரண்டு என்பது நிக்கல் கிடைக்கும் இரு வகைத் தாது: கந்தகத்தோடு சேர்ந்தது ஒன்று, லேட்டரைட்டில் கிடப்பது இன்னொன்று. உலகப் படத்தில் நிக்கல் கிடைக்கும் இடங்களைக் குறித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆர்க்டிக் குளிரில் கிடக்கும் ரஷ்யாவின் நோரில்ஸ்க், அதோடு கனடாவின் சட்பரி, சீனாவின் ஜின்சுவான். இன்னொரு பக்கம் இந்தோனேசியாவின் சுலவேசி, ஹல்மஹேரா, பிலிப்பைன்ஸ், நியூ கலிடோனியா, கியூபாவின் மோவா என்று மழை கொட்டும் வெப்ப நாடுகள். 'படிவு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பிரிவினை ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல முடியாது.

முதல் வகை கந்தகத்தோடு சேர்ந்தது. பூமிக்குள்ளிருந்து வந்த பாறைக்குழம்பில் கந்தகம் மிஞ்சும்போது அது குழம்போடு கலக்காமல் தனித் துளியாகப் பிரியும். நிக்கல், செம்பு எல்லாம் அந்தத் துளிக்குள் போய்விடும். கனமான துளி கீழே இறங்கித் தங்கும். இதற்குப் படிவு என்ற சொல் அச்சாகப் பொருந்தும். நோரில்ஸ்கில் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சைபீரிய எரிமலைப் பெருக்கில் நடந்தது இது. சட்பரியில் சுமார் 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி உருகிய பாறையில் நடந்தது. இந்த வகைக்குத் தட்பவெப்பம் ஒரு கணக்கே இல்லை. வெயில் கொளுத்தும் மேற்கு ஆஸ்திரேலியாவின் கம்பால்டாவிலும் 1966ல் இந்த வகைதான் கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாவது வகைக்கு மழைதான் எல்லாம். ஒலிவின் என்ற மக்னீசியக் கனிமம் நிறைந்த பாறையில் தொடக்கத்தில் நிக்கல் கால் சதவீத அளவுக்குத்தான் இருக்கும். வெப்பமும் மழையும் பல லட்சம் ஆண்டுகள் பாறையைக் கரைத்து மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கொண்டுபோய்விடும். பதநீர் காய்ச்சும்போது தண்ணீர் போகப் போகக் கருப்பட்டி திரள்வது போல, போனது போக நின்றதில் நிக்கல் செறிந்து ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு வந்துவிடும். ஒரு பகுதி நிக்கல் நீரோடு கீழிறங்கி, அடியில் பாதி மக்கிய பாறையில் தங்கும். நியூ கலிடோனியாவின் கார்னியரைட் என்ற பச்சை நிற நிக்கல் தாது அப்படி வந்ததுதான்.

ஆலைக்காரருக்கும் இவை இரண்டும் ஒன்றல்ல. கந்தகத் தாதுவைப் பொடித்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரித்துச் செறிவாக்கலாம். செம்புரையில் நிக்கல் மற்றத் தாதுக்களுக்குள் கலந்து கிடப்பதால் அந்த வித்தை பலிக்காது. மொத்த மண்ணையும் உருக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தக் கலனில் அமிலம் விட்டுக் கரைக்க வேண்டும். அதனால் மின்சாரமும் நிலக்கரியும் ஏகத்துக்குச் செலவாகும். இன்றைக்கு உலக நிக்கலில் பாதிக்கு மேல் தோண்டும் இந்தோனேசியா இந்த வழியில்தான் போகிறது. 2020லிருந்து தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்யவும் தடை போட்டுவிட்டது. நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இருக்கும் நிக்கல் எந்த வழியில் வந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு இரண்டு சொல் கட்டாயம் வேண்டும்.

ஒடிசாவின் சுகிந்தாவில் குரோமைட் என்ற குரோமியத் தாதுவுக்கு மேல் கிடக்கும் மண்ணிலும் நிக்கல் உண்டு. அதுவும் செம்புரைதான்.

எனவே அகராதிப் பதிவுக்கு: கந்தகத் தாது, செம்புரைத் தாது, அடியில் பாதி மக்கிய அடுக்குக்கு மக்குப்பாறை. பொதுவாகச் சொல்லும் இடத்தில் 'படிவு' வேண்டாம், 'தாதுக்கிடை' என்று வைக்கலாம். மக்குப்பாறைக்குக் கிணறு வெட்டுகிறவர்கள் வாயில் புழங்கும் சொல் இருந்தால் அதற்குத்தான் முதலிடம். வள்ளியூர், இராதாபுரம் பக்கத்து நண்பர்கள் விசாரித்து எழுதுங்கள்.