கீசருக்கு டெஃப்லான் டேப் 15 சுத்தா? பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ. (உள்மரை அடாப்டர்) போதுமா?

அரையிஞ்ச்:
ஈரோட்டான் நேத்து எழுதினதை அப்படியே எடுத்துப் போடுறேன்: "எந்த ஃபிட்டிங்கா இருந்தாலும் டெஃப்லான் 15 சுத்து சுத்தினா ஒழுகாது. கீசருக்கும் பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ. போதும். பிராஸ் எல்லாம் கடைக்காரன் பண்ற வேலை."

கணக்குப் பாருங்க சார். அரை இஞ்ச் மரையோட ஆழம் 1.16 மி.மீ. கடையில கிடைக்கிற சாதா டெஃப்லான் 0.075 மி.மீ. தடிமன். 15 சுத்துன்னா 1.125. மரைப் பள்ளம் முழுக்க டேப்பாலயே ரொம்பிடுச்சு. அதுக்குப் பேரு மரை இல்ல, ஆப்பு. பித்தளை ஆங்கிள் வால்வுல (சுவத்துல மாட்டி, தண்ணியைத் திறந்து மூடுற வால்வு) அப்படிச் சுத்தி பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ.க்குள்ள முறுக்கினா வாய் வெளியே விரியும். டெஃப்லான் வழுக்கும் வேற. இறுகிடுச்சுன்னு ரிஞ்சு பிடிச்ச கைக்குத் தெரியாது, இன்னும் ஒரு சுத்து சுலபமா போகும். அன்னிக்கே உடையாது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கொஞ்ச நாள்ல முடி மாதிரி ஒரு கீறல். அதுவும் டைல்ஸுக்குப் பின்னாடி.

ஈரோட்டான்:
வந்துட்டாரு கால்குலேட்டர். 0.075ங்கிறது நீங்க வாங்குற டேப்புல இருக்கலாம். மலிவு டேப்பை இழுத்துச் சுத்தும்போது பாதி தடிமன்கூட மிஞ்சாது. டேப்போட மரையும் சரியா கூம்பா வராது, நேரா லொடலொடன்னு இருக்கும். மூணு சுத்துல போட்டா கையை எடுத்ததும் ஆடும். களத்துல வேலை செய்யறவன் 15 சுத்துறான்னா காரணம் இருக்கு.

அரையிஞ்ச்:
எந்த டேப்பு? மலிவு டேப்புங்கறீங்க, அடுத்த வரியில டேப்போட மரைங்கறீங்க. சுத்துற டேப்பா, தண்ணி வர்ற டேப்பா?

ஈரோட்டான்:
படிக்கத் தெரிஞ்சவனுக்குப் புரியும்.

பாத்ரூம்_பார்த்தி:
ஐயா, எனக்கும் புரியல. தண்ணி வர்றதைக் குழாய்னு எழுதலாமே.

ஈரோட்டான்:
அப்ப பைப்பை என்னன்னு எழுதுறது தம்பி? அதுவும் குழாய்தான்.

கேட்வால்வு:
ரெண்டு பேருமே தப்பு. டெஃப்லானே ஏமாத்து வேலை. சணல் நாலு இழை, வெள்ளை ஈயம் ஒரு பூச்சு. ஜி.ஐ. இரும்பு பைப் காலத்துல போட்டதெல்லாம் இன்னும் ஒழுகல.

அரையிஞ்ச்:
அண்ணே, ஜி.ஐ.க்குச் சணல் சரி, ஒத்துக்கிறேன். ஈயம் விஷம், குடிதண்ணி லைன் பக்கமே வரக்கூடாது. ஆனா இங்க பேச்சு சி.பி.வி.சி., அதாவது சுடுதண்ணிக்குப் போடுற பிளாஸ்டிக் பைப் பத்தி. சணல் நனைஞ்சா ஊதும். இரும்பு அதைத் தாங்கும், பிளாஸ்டிக் தாங்காது. சணலுக்குப் பூசுற ஆளிவிதை எண்ணெய் மாதிரி தாவர எண்ணெய் சி.பி.வி.சி.க்கு ஆகவே ஆகாது, இழுவிசை இருக்கிற இடமாப் பார்த்துக் கீறல் விட வைக்கும். 15 சுத்துக்கு இது தம்பி முறை.

கேட்வால்வு:
நான் ஒத்துக்கலையே. ஃபுட் வால்வு (மோட்டார் தண்ணி உறிஞ்சுற பைப்போட அடி வால்வு) பத்திப் பேசினப்பவும் நீங்க இப்படித்தான். சக்‌ஷன் லைன்ல ஓட்டை இருந்தா தண்ணி சொட்டாது, காத்தை உள்ள இழுத்து மோட்டார் தண்ணி எடுக்காதுன்னு சொன்னது நான். கடைசி வரைக்கும் "ஃபுட் வால்வை மாத்து"ன்னே நின்னீங்க.

அரையிஞ்ச்:
நின்னேன். மோட்டாரை நிறுத்தினதும் பிரைமிங் (பைப்புல நிக்கிற தண்ணி) இறங்கினா முதல்ல பார்க்க வேண்டியது ஃபுட் வால்வுதான். அதை அங்க பேசுவோம். இங்க 15 சுத்து.

பாத்ரூம்_பார்த்தி:
சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. கீசருக்கு என்னதான் வாங்கணும்?

அரையிஞ்ச்:
சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க.

சுடுதண்ணி லைனுக்கு சி.பி.வி.சி., எஸ்.டி.ஆர். 11 (வெளி விட்டம் சுவர் தடிமனைப் போல 11 மடங்கு). 93 டிகிரி வரைக்கும் தாங்கும். ஆனா சூடு ஏற ஏற அழுத்தம் தாங்குறது குறையும்: சாதா வெப்பத்துல சதுர செ.மீ.க்கு 28 கிலோ தாங்குற பைப், 82 டிகிரியில 7 கிலோதான். பச்சைத்தண்ணிக்குப் போடுற வெள்ளை யு.பி.வி.சி. 60 டிகிரிக்கு மேல போகக்கூடாது. அதைக் கீசர்ல மாட்டினா எல்போ தொங்கிடும்.

சுவத்துல பித்தளை மரை பதிச்ச எல்போ. அதுல ஆங்கிள் வால்வு. அந்த மரைக்கு நல்ல டெஃப்லான் 3 சுத்து, மரை முனை உங்களைப் பார்த்து இருக்கிறப்ப கடிகாரம் சுத்துற திசையில, முதல் மரையை விட்டுட்டு. கையால இறுக்கிட்டு ரிஞ்சுல ஒண்ணு, ஒண்ணரைச் சுத்து, அவ்வளவுதான். அங்கிருந்து கனெக்‌ஷன் பைப். அதுல அடைக்கிறது நட்டுக்குள்ள இருக்கிற ரப்பர் வாஷர், மரை இல்ல. அங்க டெஃப்லானே வேண்டாம். அதுலயும் 15 சுத்து சுத்துற ஆளுங்க உண்டு, பேர் சொல்லல.

தண்ணி உள்ள போற பக்கம் கீசரோட வந்த சேஃப்டி வால்வு இருக்கும். அதுக்கும் டேங்குக்கும் நடுவுல எந்த வால்வும் வரக்கூடாது. சொட்டுதேன்னு அதோட வாயை அடைக்கவே கூடாது. சூடாகுற தண்ணி விரியும், அந்தச் சொட்டு அதுக்காகத்தான்.

பைப்பை நேரா வெட்டி, பிசிறு எடுத்து, வாயைச் சரிச்சு விடணும். ஒட்டுற சொல்யூஷன் போடாம ஃபிட்டிங்குக்குள்ள நுழைச்சா பாதி ஆழத்துல பிடிக்கணும். பைப் மேல தாராளமா, ஃபிட்டிங் உள்ள மெல்லிசா பூசி, கால் சுத்து திருப்பி, அரை நிமிஷம் பிடிக்கணும். பிடிக்கலைன்னா வெளியே தள்ளிடும். சி.பி.வி.சி.க்கு உண்டான சொல்யூஷன்தான், யு.பி.வி.சி. டப்பாவுல மிச்சம் இருக்கேன்னு போடக்கூடாது. 24 மணி நேரம் கழிச்சு சுடுதண்ணி.

இன்னொண்ணு, 10 மீட்டர் லைன் 40 டிகிரி சூடேறினா சுமார் 25 மி.மீ. நீளும். ரெண்டு முனையையும் சிமெண்ட்ல இறுக்கிப் பூசிட்டு எல்போ விட்டுப்போச்சுன்னு அழக்கூடாது.

பாத்ரூம்_பார்த்தி:
நன்றி. மாடி டேங்க்ல இருந்து வர்ற லைனுக்கு 25 எம்.எம். பைப் கிடக்கு. முக்கால் இஞ்ச் யு.பி.வி.சி. ஃபிட்டிங்ல சேருமா?

ஈரோட்டான்:
25ன்னா ஒரு இஞ்ச் தம்பி. இதுகூடத் தெரியாம.

அரையிஞ்ச்:
தெரியாதது யாருன்னு பார்ப்போம். வீட்டு பிளம்பிங் யு.பி.வி.சி.யில 25ன்னு அச்சடிச்சிருந்தா ஒரு இஞ்ச், வெளி விட்டம் 33.4 மி.மீ. விவசாய பி.வி.சி.யில 25ன்னா வெளி விட்டமே 25. முக்கால் இஞ்ச் யு.பி.வி.சி.யோ 26.7. அந்த விவசாய பைப்பை முக்கால் ஃபிட்டிங்ல விட்டா 1.7 மி.மீ. லொடலொட. சொல்யூஷன் இடைவெளியை ரொப்பாது, ரெண்டு பரப்பையும் இளக்கி ஒட்டும், அவ்வளவே. முக்கால் சி.பி.வி.சி. இன்னும் சின்னது, 22.2. அதுக்கு யு.பி.வி.சி.யோட சேர்க்கத் தனி ஃபிட்டிங் இருக்கு.

ஈரோட்டான்:
அதைத்தானே நானும் சொன்னேன்.

அரையிஞ்ச்:
எங்க சொன்னீங்க?

ஈரோட்டான்:
சரி விடுங்க. லைன் போட்டு முடிச்சதும் கம்ப்ரசர்ல காத்தடிச்சு சோப்புத்தண்ணி தடவிப் பாருங்க. 15 சுத்தா 3 சுத்தான்னு தெரிஞ்சிடும்.

அரையிஞ்ச்:
பார்த்தி, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. பிளாஸ்டிக் லைன்ல காத்தடிச்சு டெஸ்ட் பண்ணவே கூடாது. தண்ணி அமுங்காது, உடைஞ்சா ஒரு பீச்சு பீச்சிட்டு நின்னுடும். காத்து அமுங்கி இருக்கும், உடைஞ்சா பி.வி.சி. சில்லு சில்லாப் பறக்கும், கண்ணு போயிடும். தண்ணி நிரப்பி, மேல் முனையில காத்தை வெளியேத்தி, கை பம்ப்ல அழுத்தம் ஏத்திப் பாருங்க.

கேட்வால்வு:
காத்து விஷயத்துல அரையிஞ்ச் சொல்றது சரி. சணல் விஷயத்துல இல்ல.

ஈரோட்டான்:
ரெண்டு பேரும் கூட்டா? கீசர் கம்பெனி ஆளு சுத்தும்போது எண்ணியிருக்கீங்களா? 15க்குக் குறையாது.

அரையிஞ்ச்:
அவர் சுத்துறது பித்தளை மேல, நுழைக்கிறதும் பித்தளைக்குள்ள. கூடிப்போனா மரை இறங்காது, உடையாது. நீங்க சொன்னது பிளாஸ்டிக் எஃப்.டி.ஏ. "எந்த ஃபிட்டிங்கா இருந்தாலும்"னு எழுதினீங்களே, அதுதான் என் சண்டை. லூசான குழாய் மரைன்னா, பித்தளைக்குள்ள போகுதுன்னா, 7, 8 சுத்து சுத்துங்க, நான் கேக்கல.

ஈரோட்டான்:
ஆ! 3ல இருந்து 8க்கு வந்தாச்சு. இன்னும் ரெண்டு பதில் போனா 15.

அரையிஞ்ச்:
பிளாஸ்டிக்குக்கு 3தான். மேல படிங்க. படிக்கத் தெரிஞ்சவனுக்குப் புரியும்னு யாரோ சொன்னாங்க.

கேட்வால்வு:
8 சுத்துக்கு ஆகுற நேரத்துல ரெண்டு மரைக்குச் சணல் கட்டிடலாம். ஃபுட் வால்வுக்கு இன்னும் பதில் வரல.